ஞானமேரியின் இரண்டு கோடுகள்

ஏரியூருக்கும் காவிரிக்கும் நடுவே அடைக்கலப்பட்டி என்று ஓர் ஊர். மழை அந்தப் பக்கம் வருவதாக இருந்தால் பென்னாகரத்திலேயே இறங்கி வழி விசாரிக்கும். "அங்கேயா? குடிக்கத் தண்ணி கையோட எடுத்துட்டுப் போ" என்று யாராவது சொல்ல, அப்படியே திரும்பிவிடும். அந்த ஊரில் பிறந்த ஒருத்தி எழுதியதை ஜப்பானிலும் டென்மார்க்கிலும் படித்தார்கள் என்றால் சிரிப்பீர்கள். மழைக் கதையை நம்பியவர்கள் இதையும் நம்பலாம். இரண்டில் இதுதான் நிஜம்.

அவள் பெயர் ஞானமேரி. யாகப்பன், ராயம்மாளுக்கு ஒரே மகள். பெங்களூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் மூலக்கூறு உயிரியல் பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்பவர்களுக்கு ராயம்மாள் ஒரே பதில் வைத்திருந்தாள்:

"கேவுருக்குள்ள என்ன இருக்குதுன்னு பார்க்கறா. நாம தின்னு பார்க்கறோம், அவ அரைச்சுப் பார்க்கறா. அவளுக்குச் சம்பளம் குடுக்கறாங்க, நமக்குக் குடுக்கறதில்லை."

எல்லாம் யாகப்பனின் கேழ்வரகிலிருந்து தொடங்கியது. மூடிய கை மாதிரிக் கதிர் விடும் ஒரு வகை அது. கூம்புக் கேவுரு என்பார்கள். மூட்டை கட்டி எத்தனை வருஷம் போட்டாலும் வண்டு வராது. வண்டு கடித்தால் பல் கொட்டிவிடும் என்று ஊரில் பேச்சு. "வண்டுக்கு ஏதுப்பா பல்லு?" என்று பாவாடை கட்டிய வயதிலேயே கேட்டவள் ஞானமேரி. கேட்டதோடு விட்டிருந்தால் கல்யாணம் முடிந்து நான்கு பிள்ளைகளுக்கு மூக்குச் சிந்தியிருப்பாள். விடவில்லை. வண்டின் வயிற்றில் உணவு செரிக்காமல் தடுக்கும் ஒரு புரதம் அந்தத் தானியத்தில் இருக்கிறது என்று பெங்களூர் வரை போய்க் கண்டுபிடித்தாள்.

கண்டுபிடிக்கும் விதம் இதுதான். மாவிலிருந்து புரதத்தைப் பிரித்து, ஜெல் என்கிற வழுவழுத்த பாளம் ஒன்றில் விட்டு, மின்சாரம் பாய்ச்சுவார்கள். புரதம் ஒவ்வொன்றும் தன் கனத்துக்கும் குணத்துக்கும் ஏற்ற தூரம் ஓடி நின்றுகொள்ளும். நீலச் சாயம் ஊற்றினால் நின்ற இடத்தில் கோடு தெரியும். சாதாரணக் கேழ்வரகில் இந்தப் புரதம் கீழே ஒரே கோடாக நிற்கும். யாகப்பனின் கேழ்வரகிலோ கீழே ஒன்று, மேலே ஒன்று. இரண்டு.

விதையில் கலப்பு இருக்கக்கூடாது என்று அவள் முன்பே அப்பாவிடம் சொல்லியிருந்தாள். ஒரே ஒரு கதிரைத் தேர்ந்தெடுத்து, அதன் விதையை மட்டும் பின்கொல்லையில் போட்டு, சுற்றி முள்வேலி அடைத்து, கோழி எட்டிப் பார்த்தால்கூட விசாரணை வைத்து வளர்த்துக் கொடுத்தார் யாகப்பன். அந்த விதையை ராயம்மாள் பூப்போட்ட தலையணை உறையில் கட்டி, பெங்களூர் போன ஓர் உறவுக்காரரிடம் கொடுத்தனுப்பினாள். ஆக, ஒரே செடியின் வாரிசு. ஒரே மரபணு. அதிலிருந்து இரண்டு புரதம்! ஒரு மரபணுவுக்கு ஒரு புரதம்தான் என்று நினைத்திருந்தது தவறோ என்று உலகமே தலையைச் சொறிந்துகொண்டிருந்த காலம் அது. ஞானமேரியின் கட்டுரை 1981இல் நல்ல ஆய்விதழில் வந்தது. பேராசிரியர் நம்பாமல், "என் பெயர் வேண்டாம், நீயே போட்டுக்கொள்" என்றுவிட்டார். பிறகு அதற்காகத் தலையில் அடித்துக்கொண்டார்.

ஏனென்றால் ஆராய்ச்சி உலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. கட்டுரை எழுதுகிறவர், தனக்கு முன்னால் அதைச் சொன்னவர் பெயரைக் கடைசியில் குறிக்க வேண்டும். மேற்கோள் என்று பெயர். யாருடைய கட்டுரையை யார் யார் மேற்கோள் காட்டினார்கள் என்று தொகுத்து அமெரிக்காவில் தலையணை தலையணையாய்ப் புத்தகம் அச்சிட்டார்கள். எறும்பு முட்டை எழுத்து. அது கப்பலில் வந்து பெங்களூர் நூலகத்தில் இறங்கியதும், பெரிய பெரிய விஞ்ஞானிகள் பூதக்கண்ணாடியோடு தங்கள் பெயரைத் தேடி ஓடுவார்கள். அடைக்கலப்பட்டியில் ஒரு பெண்ணின் பெயரை நாற்பது பேர் சொன்னால் அவள் அப்பன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நடப்பான். பெங்களூரில் அதற்கு உத்தியோகம் உயரும்.

ஞானமேரியின் இரண்டு கோடுகளை நாற்பது பேருக்கு மேல் சொல்லியிருந்தார்கள். கட்டுரைப் பிரதி கேட்டு வெளிநாட்டிலிருந்து வந்த அட்டைகளை ராயம்மாள் மாதா படத்தைச் சுற்றி ஒட்டிவைத்தாள். ஊரில் எந்த மாதாவும் அத்தனை தேசத்துத் தபால்தலைகளுக்கு நடுவே நின்றதில்லை. மகள் வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றும் முன்பே கேள்வி வரும்:

"இப்ப எத்தனை பேருடி ஒம் பேரைச் சொல்றாங்க?"

அதற்குப் பிறகு அவள் எழுதிய கட்டுரைகள் ஐந்தாறு. பொறுமையாக, நகாசாகச் செய்தவை. அவற்றை மேற்கோள் காட்டியவர் ஒருவர்தான். அந்த ஒருவரும் ஞானமேரியே. வேலையோ தற்காலிகம், வருஷா வருஷம் நீட்டித்தால் உண்டு. 1986 ஆடி மாதத்தில் நிரந்தரப் பதவிக்கு நேர்முகம் வைத்தார்கள். பேராசிரியர் மறைக்காமல் சொல்லிவிட்டார்: மற்றவையெல்லாம் சரி, ஆனால் தேர்வுக்குழு பார்க்கப்போவது அந்த ஒரு கட்டுரையை, நீ நிற்பது அந்த இரண்டு கோட்டின் மேல்தான்.

நேர்முகத்துக்குச் சில வாரங்கள் முன்பு, ஆனிக் கடைசியில், அவள் ஊருக்கு வந்தாள். வந்த சனிக்கிழமையே மாதையன் வந்து சேர்ந்தான்.

மாதையன் ஏரியூர்க்காரன். விவசாயக் குடும்பம். புனேயில் டாக்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தான். அவனுடைய ஆய்வே ஞானமேரியின் இரண்டு கோட்டிலிருந்து தொடங்கி மேலே போக வேண்டியது. தொடங்கவே முடியவில்லை. ஒரு தை மாதம் நேரில் வந்து, யாகப்பன் களத்தில் கதிரோடு கொடுத்ததை வாங்கிப் போனவன். எத்தனை முறை ஜெல் ஓட்டினாலும் மேலே ஒரு கோடுதான். கீழ்க்கோடு வருவதே இல்லை. உன் கை சரியில்லை, கண் சரியில்லை என்று அவனுடைய வழிகாட்டி ஐந்து வருஷமாகத் திட்டிக்கொண்டிருந்தார். கண்ணாடிகூடப் போடவைத்துவிட்டார். எதையாவது உற்றுப் பார்க்க வேண்டுமென்றால் மாதையன் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டுக்கொண்டுதான் பார்ப்பான்.

"வாப்பா, ஏரியூர்ல மழை உண்டா?" என்றாள் ராயம்மாள்.

"எங்க ஊர்ல மழையைப் பத்திப் பேச்சு உண்டுங்கம்மா. மழை இல்லீங்க."

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"பொண்ணு ரெடிங்க. பொண்ணோட அப்பாதான் 'டாக்டர்னு பத்திரிகையில போட்டப்புறம் வாங்க மாப்பிள்ளை'ங்கறாரு. அந்தப் புள்ள பாவம், மொதல்ல எம்.ஏ. முடிச்சிது, அப்புறம் டைப்பு, அப்புறம் தையலு. இனிப் படிக்கறதுக்கு ஒண்ணும் பாக்கியில்லீங்க."

ராயம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாதையன் ஞானமேரியின் பக்கம் திரும்பினான். "அக்கா, கடைசி வருசம் இது. உங்களுக்கு வந்தது எப்படி வந்துச்சோ அதே மாதிரி எனக்கும் வேணுங்க. உங்க வூட்டுல எடுத்து, உங்க அம்மா கையால கட்டி. திங்கக்கிழமை வந்து வாங்கிக்கறேன்."

யாகப்பன் அன்று சாயங்காலமே கூரையடியில் தொங்கிய கூம்புக் கதிர்களில் கொஞ்சம் இறக்கி, தனியாகத் தட்டி, புடைத்து, மனைவியிடம் கொடுத்தார்.

மறுநாள் ஞாயிறு. அடைக்கலப்பட்டியில் விதை மந்திரிப்பு.

ஆடிப்பட்டம் விதைக்கும் முன்னால் ஊரில் எல்லாக் குடும்பமும் விதையைத் துணியில் முடிந்துகொண்டு மாதா கோயிலுக்குப் போகும். பீடத்தின் முன்னால் விரித்த பெரிய பாயில் வரிசையாகக் கொட்டும். சாமியார் ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளிப்பார். பிறகு சாமியாருக்குத் துணையான உபதேசியார் ஒரு கிளறு கிளறிவிட்டு, படியால் அளந்து ஒவ்வொரு வீட்டுக்கும் கொடுப்பார். ஏதோ ஒரு பஞ்சத்தில் ஏற்பட்ட வழக்கம். விதைக்கும் வழியில்லாதவன் அடுத்த வீட்டு வாசலில் நிற்கக் கூசிக் கிடந்தானாம். எல்லோரும் ஒரே பாயில் கொட்டினால், யார் முடிச்சில் விதை இருந்தது, யார் வெறும் துணியை உதறினான் என்று மாதாவுக்கும் தெரியாது. அந்தக் குவியலில் யார் பேரும் இல்லை.

பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த ஞானமேரி, பாட்டுக்கு வாயசைத்துக்கொண்டே, அம்மா பாயை நோக்கிப் போவதைப் பார்த்தாள். கையில் வீட்டு விதை முடிச்சு. கக்கத்தில் இன்னொன்று. முன்பு அனுப்பியது மாதிரியே பூப்போட்ட தலையணை உறை.

ராயம்மாள் முதலில் முடிச்சை அவிழ்த்துக் கொட்டினாள். பிறகு உறையைக் கவிழ்த்தாள். கதிரில் இருக்கும்போது கூம்பும் மற்றதும் யானையும் பூனையும் போல. அடித்துப் புடைத்துவிட்டால் எல்லாம் கடுகளவு செம்மணி. பெற்றவளாலும் பிரிக்க முடியாது. உபதேசியார் துடுப்பால் கிளறினார். உறை நிறைய அளந்து போட்டார். ராயம்மாள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மா! அது மாதையனுக்குக் குடுக்கற வெதை!"

"மெல்லப் பேசுடி, சாமியார் பார்க்கறாரு. தெரியாமயா கொண்டாந்தேன்? அசலூருக்குப் போற வெதை. மந்திரிக்காம அனுப்பலாமா?"

"எப்பவும் இப்படித்தானா?"

"எப்ப குடுத்தேன் எப்பவும்ங்கறதுக்கு? ஒனக்கு அனுப்பினப்ப மந்திரிச்சுத்தான் அனுப்பினேன். இல்லாட்டி இத்தனை பேரு ஒம் பேரைச் சொல்லியிருப்பாங்களா?"

சாமியார் எழுந்து நிற்கச் சொன்னார். எல்லோரும் நின்றார்கள். ஞானமேரி மட்டும் உட்கார்ந்தபடியே கணக்குப் போட்டாள். இரண்டு கோடு. கீழ்க்கோடு ஊராருடையது, மேல்கோடு அப்பாவுடையது. ஒரு பிடி மாவாக அரைத்ததில் இரண்டும் சேர்ந்து தெரிந்திருக்கிறது. அதே உறையிலிருந்து திரும்பத் திரும்ப எடுத்துச் செய்ததால் திரும்பத் திரும்ப அதுவே வந்திருக்கிறது. மாதையனுக்கு வராதது ஏன் என்றால், அவன் களத்தில் நேரடியாக வாங்கிப்போனான். அவனுக்கு ஆசீர்வாதம் கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நேரே மாட்டுக் கொட்டகைக்குப் போனாள். அப்பா மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்தார். ஆண்கள் பக்கத்திலிருந்து அவரும் பார்த்திருந்தார். அவள் சொல்ல ஆரம்பிக்கும் முன்பே அவர் முகம் சொல்லிவிட்டது.

"ஒன்னோடதுல கலப்பு ஆகக்கூடாதுன்னு சொன்னியே," என்றார். "கொல்லையைச் சுத்தி வேலி போட்டேன். வூட்டுக்குள்ள போட மறந்துட்டேன்."

"அப்பா, நான் எழுதினது பொய்யாப் போச்சு."

மாடு தட்டை இழுத்தது. யாகப்பன் நெடுநேரம் அதன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ஒங்க அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத. தாங்க மாட்டா," என்றார்.

அன்று பகல் முழுவதும் ஞானமேரி வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள். ஆடு கூட ஒரு சுற்றுக்குப் பிறகு முளையை இழுக்கும். நேர்முகம் ஆடியில். இந்த உறையை அப்படியே கொடுத்தால் மாதையனுக்கு இரண்டு கோடும் வரும். அவனுக்கு டாக்டர் பட்டம். அந்தப் பெண்ணுக்குத் தையல் பாடத்திலிருந்து விடுதலை. அவளுக்கு வேலை. நாற்பது பேரோடு நாற்பத்தொன்றாவது பேரும் சேர்ந்துகொள்ளும். அம்மாவுக்கு மாதா சொரூபத்தின் முன்னால் சொல்லிக்கொள்ள ஒரு செய்தி. யாருக்கும் நஷ்டமில்லாத பாவம். அப்படி ஒரு பாவம் உலகத்தில் உண்டென்று சொல்கிறவன்தான் பெரிய புளுகன் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் திங்கட்கிழமை மாதையன் வந்தபோது அவள் கை அந்த உறையைத்தான் நீட்டியது.

அவன் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். ராயம்மாள் நிப்பட்டு சுட்டுக் காகிதத்தில் பொட்டலம் கட்டி வைத்திருந்தாள். "ரயில்ல தின்னுப்பா. இது மந்திரிச்சது இல்லை, வெதைதான் மந்திரிச்சது," என்று சிரித்தாள். அவனுக்கு அது வேடிக்கைப் பேச்சாகத்தான் கேட்டது.

ஞானமேரி பஸ் ஏற்றிவிடக் கூடவே நடந்தாள். புறப்படும்போது கூரையடியில் தொங்கிய கூம்புக் கதிரில் இரண்டை ஒடித்துத் தோள்பையில் போட்டுக்கொண்டாள். ஏன் போட்டாள் என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

பென்னாகரம் பஸ் நிற்கும் இடத்தில் ஒரு புளியமரம், ஒரு மைல்கல். மாதையன் மைல்கல்லின் மேல் பொட்டலத்தை வைத்துவிட்டு நின்றான். பஸ் வரவில்லை. அந்தத் தடத்தில் பஸ்ஸுக்கு மனசு வந்தால்தான் வரும்.

"அக்கா, ஒண்ணு சொல்லட்டுங்களா? திட்டக்கூடாது."

"சொல்லுங்க."

"இந்த வாட்டியும் வரலைன்னா, வந்துச்சுன்னே எழுதிடலாம்னு இருக்கேங்க."

ஞானமேரி நிமிர்ந்தாள்.

"பொய்யில்லீங்க அது," என்றான் அவசரமாக. "இருக்கறதுதானே? நீங்க பார்த்திருக்கீங்க. எனக்குத் தெரியலைன்னா கோளாறு எங்கிட்டதானே? அஞ்சு வருசமா எங் கண்ணு ஒரு கோடுதான்னு சொல்லுதுங்க. நான் அதை நம்பலை. நீங்க எழுதினதைத்தான் நம்பறேன்."

புளியமரத்தில் ஒரு காக்கை கத்தியது. அந்த வெயிலில் அதற்குக் கத்தும் தெம்பு இருந்ததே அதிசயம். ஞானமேரி தோள்பையைத் திறந்து இரண்டு கதிரையும் எடுத்தாள்.

"உங்க கண்ணு நல்ல கண்ணுங்க, மாதையன். அந்த உறையில இருக்கறது கலப்பு வெதை. எனக்கு வந்ததும் கலப்பு வெதை. நேத்துதான் தெரியும். தெரிஞ்சும்தான் இப்ப உங்க கையில குடுத்தேன்."

பாயில் கொட்டியது, கிளறியது, அளந்தது என்று எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டே மெல்ல மைல்கல்லின் ஓரத்தில் உட்கார்ந்தான். முதலில் சிரிப்பு வந்தது. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். சிரிப்பு நின்றபோது கண்ணாடியைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான்.

"ஹைதராபாத் ஆராய்ச்சிக் கூட்டத்துல நான் எழுந்து கேட்டேங்களே. வெதை கலந்திருக்குமான்னு."

"கேட்டீங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எங்கப்பா முள்வேலி போட்டு வளர்த்தது, கலப்புக்கு வழியே இல்லைன்னு சொன்னேன். ஏரியூர்ல வேலி போடத் தெரியாதா தம்பின்னு கேட்டேன்."

"அத்தனை பேரும் சிரிச்சாங்க."

"நானும் சிரிச்சேன்."

தூரத்தில் புழுதி எழுந்தது. பஸ் வந்து நின்றது. அவன் ஏறவில்லை. கண்டக்டர் "வரீங்களா, நிக்கறது வேண்டுதலா?" என்று கேட்டுவிட்டு விசில் ஊதினான். அடுத்த பஸ் வரும்வரை மாதையன் மைல்கல் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தான். வெயில் மரத்தின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போயிற்று. ஞானமேரியும் நின்றாள். மன்னிப்புக் கேட்டாள், புழுதியிடம் கேட்டது மாதிரி இருந்தது.

பஸ் வந்ததும் அவன் எழுந்து உறையை எடுத்துக்கொண்டான். கதிர்களையும் வாங்கிக்கொண்டான். படியில் கால் வைத்துத் திரும்பினான்.

"வரேங்க, மேடம்."

அக்கா போய்விட்டது. நிப்பட்டுப் பொட்டலம் மைல்கல்லின் மேலேயே இருந்தது.

பெங்களூர் திரும்பியவள் அம்மா முதலில் அனுப்பிய பழைய தலையணை உறையில் மீதி இருந்த விதையை எடுத்தாள். இப்போது ஒரே ஒரு மணியை அரைத்தாலும் கோடு காட்டும் புதிய சாயம் வந்திருந்தது. ஒவ்வொரு மணியாகப் பார்த்தாள். சிலதில் மேலே, சிலதில் கீழே. இரண்டும் சேர்ந்து ஒரு மணியில்கூட இல்லை. பேராசிரியர் ஜெல்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, யாரும் கேட்கவில்லையே என்றார். நேர்முகம் முடியட்டும், பிறகு எழுதலாம் என்றார். கெட்ட மனுஷர் இல்லை. அவளுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று உண்மையிலேயே நினைத்தார். அது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

திருத்தத்தை எழுத உட்கார்ந்தபோது காரணம் என்ற இடத்தில் பேனா நின்றது. விதை எங்கே கலந்தது? எழுதினால் அம்மா அச்சில் ஏறுவாள். உலகத்தில் எறும்பு முட்டை எழுத்துப் படிக்கிறவர்கள் எல்லாம் அடைக்கலப்பட்டிப் பாயைப் பார்த்துச் சிரிப்பார்கள். கடைசியில் இப்படி எழுதினாள்: 'வளர்த்தவர் கொடுத்த விதை தூயது. கைமாறியபின் கலந்தது. சோதிக்காமல் பயன்படுத்தியது என் தவறு.' முதல் வரி அப்பாவுக்காக. அதை அவர் பார்க்க வேண்டும் என்று தபால் உறையிலிட்டு ஊருக்கே எடுத்து வந்தாள்.

யாகப்பனுக்கு ஆங்கிலம் தெரியாது. அவள் படித்துச் சொன்னாள். 'வளர்த்தவர்' என்ற இடத்தில் விரலை வைக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அதற்குள் ராயம்மாள் வந்துவிட்டாள். "இன்னொண்ணு எழுதிட்டியா? எங்க, குடு. சாமியார் இன்னிக்கி ஊர்லதான் இருக்காரு. ஒரு தீர்த்தம் தெளிச்சுட்டு வந்துடறேன். வேலைக்கு நல்லது."

"வேண்டாம்மா!" ஞானமேரி உறையை மார்போடு அணைத்துக்கொண்டாள். குரல் உயர்ந்துவிட்டது. ராயம்மாள் அப்படியே நின்றாள். மகள் அவளிடம் இதுவரை குரல் உயர்த்தியதில்லை. யாகப்பன் மேலே கூரையைப் பார்த்தார்.

ஞானமேரி கொஞ்ச நேரம் கழித்து உறையை நீட்டினாள்.

"சரி, எடுத்துட்டுப் போ. தண்ணி மட்டும் தெளிக்கட்டும். குவியல்ல போட்டுடாத."

"காயிதத்தை எவடி குவியல்ல போடுவா? படிச்சவ பேசற பேச்சா இது?" என்று சொல்லிக்கொண்டே ராயம்மாள் கோயிலுக்கு நடந்தாள்.

ஞானமேரி ஏரியூர்த் தபாலாபீஸில் அதைப் போட்டபோது உறையின் ஒரு மூலை இன்னும் ஈரமாக இருந்தது.

நேர்முகத்தில் அவளே எல்லாவற்றையும் சொன்னாள். தேர்வுக்குழுவில் ஒருவர் எழுந்து கைகொடுத்தார். வேலையை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். அடுத்த வருஷம் நீட்டிப்பும் வரவில்லை. சேலத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கப் போனாள். தவளையை அறுக்கப் பயப்படும் பெண்களிடம் தவளையின் பயத்தைப் பற்றிப் பேசினாள். ராயம்மாளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. மந்திரித்தும் வேலை போனது ஏன் என்று அவள் மாதாவிடம் கொஞ்சகாலம் பேசாமல் இருந்தாள்.

1989 கோடை விடுமுறையில் ஏதோ வேலையாகப் பெங்களூர் போன ஞானமேரி பழைய நூலகத்துக்குள் நுழைந்தாள். புதிய தொகுதி வந்திருந்தது. தன் பெயரைத் தேடினாள். பழைய கட்டுரைக்குக் கீழே பெயர்கள் இன்னமும் நீண்டுகொண்டிருந்தன. இத்தாலிக்காரர்கள், கனடாக்காரர்கள், பெயரை உச்சரித்தால் பல் பெயரும் யார் யாரோ. பொய் என்று அவளே அச்சடித்துச் சொன்ன பிறகும் அந்த இரண்டு கோடு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது. கூப்பிட்டு நிறுத்த முடியாது. விரலை இன்னும் கீழே நகர்த்தினாள். அதற்கும் கீழே திருத்தம். அதற்கு நேரே ஒரே ஒரு பெயர்.

ஊருக்கு வந்து செருப்பைக் கழற்றும் முன்பே கேள்வி வந்தது.

"இப்ப எத்தனை பேருடி சொல்றாங்க?"

"ஒருத்தர்மா."

"ஒருத்தரா! நாப்பது அம்பதுன்னு இருந்துச்சே?"

"அவங்க சொல்றது கணக்கில்லம்மா. இது ஏரியூர் மாதையன். டாக்டராயிட்டாரு."

ராயம்மாள் யோசித்தாள். கைவேலையை நிறுத்திவிட்டு, நினைவை எங்கிருந்தோ இழுத்து வந்தாள்.

"நிப்பட்டை மறந்து வெச்சுட்டுப் போனானே, அந்தப் பையனா? கல்யாணத்துக்குக்கூடக் கூப்பிடலையே."

"கூப்பிடலைம்மா," என்றாள் ஞானமேரி.